‘இதனால தர்மபுரிக்கு என்ன ஆவப்போவுது?’

ஒரு கல்லூரி விழாவில் கணக்குப் போஸ்டர் வைத்த மாணவியைச் சிறப்பு விருந்தினர் கேலி செய்கிறாரே, அந்த வீடியோவை நான் மறுபடி ஷேர் பண்ணப் போவதில்லை. நம்ம மாவட்டத்து வாட்ஸ்அப் குரூப் அத்தனையிலும் சுற்றி முடித்துவிட்டது. அதில் அந்தப் பொண்ணு முகம் தெரிகிறது, அது ஒன்றே காரணம். பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று வீடியோவுக்குக் கீழே இரண்டு வரி கமெண்ட் போட்டேன். அதற்கு வந்த பதில்களைப் படித்த பிறகு, சரி, நீளமாகவே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பர் 22, கணித தின விழா. மேடையில் ராமானுஜன் படம், ரோஜா மாலை, குத்துவிளக்கு, எல்லாம் முறைப்படி. சிறப்பு விருந்தினர் பூத்தூவி, "உலகமே வியந்த தமிழன்" என்று ஆரம்பித்து சாப்பாட்டு நேரம் வரை பேசினார். பேசிவிட்டு இறங்கி வந்து மாணவர்களின் போஸ்டர்களைப் பார்த்தார். அந்தப் பொண்ணு வைத்திருந்தது எது? மாலை போட்டாரே, அதே ராமானுஜன் 1919-ல் எழுதிய விஷயம். "ஏம்மா, இதனால நம்ம தர்மபுரிக்கு என்ன ஆவப்போவுது?" சுற்றி நின்றவர்களெல்லாம் சிரிக்கிறார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் பேராசிரியர்கள். அவள், "சார், பதினாலு வரைக்கும் மட்டும் சொல்லிடறேன் சார்" என்கிறாள். "அதான் வேணாங்கறேன்." மறுபடி சிரிப்பு. பக்கத்துப் போஸ்டர் கிராமத்துப் பிள்ளைகளின் பல்லில் ஃப்ளோரைடு பாதிப்பு பற்றியது. "பாத்தியா, இதான் ஆராய்ச்சி!" கைதட்டல். போட்டோ. சுபம்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். பயன் என்ன என்று கேட்டு ஒருத்தி வாயை அடைக்கிறவர்கள், பயனுள்ள ஆராய்ச்சிக்கும் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை. கணக்கை அடிக்க அவர்களுக்கு ஒரு கம்பு வேண்டும். நேற்று கையில் கிடைத்த கம்பு மருத்துவம். அவ்வளவுதான்.

முதலில் அவளைச் சொல்ல விடாததை நான் சொல்லிவிடுகிறேன். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். 9-ஐ முப்பது விதமாகப் பிரிக்கலாம். 14-ஐ 135 விதமாக. 4-ல் தொடங்கி ஐந்தைந்தாகத் தாவிக்கொண்டே போங்கள், எங்கே போய் நின்றாலும் அந்த எண்ணிக்கை மீதியில்லாமல் ஐந்தால் வகுபடும். ராமானுஜன் இதை நிரூபித்தார். ஆனால் ஐந்தால் வகுபடுகிறது என்றால் அந்த முப்பதையும் ஐந்து சம பங்காகப் பிரித்துக் காட்ட ஒரு வழி இருக்க வேண்டுமே? 1944-ல் ஃப்ரீமன் டைசன் ஒரு வழியை ஊகித்தார். ஒவ்வொரு பிரிவிலும் பெரிய எண்ணிலிருந்து, அதில் மொத்தம் எத்தனை எண்கள் இருக்கின்றனவோ அதைக் கழி. வருவதை ஐந்தால் வகுத்து மீதியைப் பார். ஒரே மீதி வருவதெல்லாம் ஒரு பங்கு. அது சரிதான் என்று நிரூபிக்க மேலும் பத்து வருடம் ஆனது. அந்தப் பொண்ணு 9-க்கான முப்பதையும் ஐந்து கலர் ஸ்கெட்ச் பேனாவில், கலருக்கு ஆறு ஆறாகக் கையாலேயே எழுதியிருந்தாள். வீடியோவை நிறுத்திப் பாருங்கள், தெரியும். ஒன்றுகூடத் தப்பில்லை, நான் சரிபார்த்தேன். பிஎஸ்சி இரண்டாம் வருடம்.

சரி, பயன்தானே வேண்டும்? தொப்பூர் கணவாயைத் தெரியாத தர்மபுரிக்காரர் உண்டா? அங்கே லாரி மோதி தலையில் அடிபட்டவரைக் கொண்டுவந்தால் முதலில் என்ன செய்கிறார்கள்? சிடி ஸ்கேன். மண்டையைத் திறக்காமல் உள்ளே ரத்தக் கட்டு எங்கே என்று காட்டுகிறதே, அதற்குள் ஓடுவது கணக்கு. ஒரு பொருளின் வழியாகப் போகும் எல்லாக் கோடுகளிலும் உள்ள மொத்தத்தை மட்டும் கொடுத்தால், உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் என்ன இருக்கிறது என்று திரும்பக் கண்டுபிடிக்க முடியுமா? 1917-ல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, யோஹான் ராடான் என்ற ஆஸ்திரியக் கணக்கு வாத்தியார் முடியும் என்று காட்டினார். ஸ்கேன் மெஷின் எதுவும் அவர் மனதில் இல்லை. அவர் 1956-ல் செத்துப்போனார். அதே வருடம்தான் கேப்டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆலன் கார்மாக் என்ற இயற்பியல்காரர் இதே சிக்கலில் மாட்டினார். ராடான் எழுதியது தெரியாமல், தானே முதலிலிருந்து போட்டு 1963-லும் 1964-லும் கட்டுரை எழுதினார். யாரும் சீந்தவில்லை. ஆர்வமாகப் பிரதி கேட்டு எழுதியவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு ஆராய்கிறவராம். நோபல் உரையில் அவரே சொல்லிச் சிரிக்கிறார். 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு ஸ்கேன். 1979-ல் கார்மாக்குக்கும், அந்த மெஷினைச் செய்த ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் மருத்துவ நோபல். 1917-ல் ராடானைப் பார்த்து யாராவது, "இதனால வியன்னாவுக்கு என்ன ஆவப்போவுது" என்று கேட்டுச் சிரித்திருந்தால்?

ராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்த ஹார்டி இன்னும் வேடிக்கை. தன் கணக்கால் உலகத்துக்கு எந்த உபயோகமும் இல்லை என்று பெருமையாக எழுதிக்கொண்டவர். அவர் 1908-ல் ஒரு நண்பருக்காக, பெருக்கல் வாய்ப்பாடு அளவுக்கான கணக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே எழுதிய சின்னக் கடிதம்தான் இன்று மரபணு மருத்துவத்தில் பால பாடம். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் மட்டுமே தாக்கும் ஒரு நோய், பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்கு இருக்கிறது என்று வையுங்கள். அதைத் தெரியாமலே சுமப்பவர்கள் சுமார் ஐம்பதில் ஒருவர் என்று அந்தக் கடிதத்தின் கணக்கு சொல்லிவிடும். உறவுக்குள் கட்டினால் ஆபத்து எவ்வளவு ஏறும் என்று பார்ப்பதும் இங்கிருந்துதான் ஆரம்பம். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டிக்கொள்ளும் நம்ம ஊருக்கு இது பயன் இல்லையா?

ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? இந்தப் பதிலைச் சொல்லவே எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்கேனைக் காட்டித்தான் கணக்கைக் காப்பாற்ற வேண்டும் என்றால், ஸ்கேனாக மாறாத கணக்கெல்லாம் குப்பை என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். பெரும்பாலான கணக்கு எதுவாகவும் மாறாது. அந்தப் பொண்ணு செய்ததும் மாறாமல் போகலாம். நம்ம ஊரில் போர்வெல் போடுவது போலத்தான். ஆயிரம் அடி போட்டும் வெறும் புழுதி பறந்த நிலங்கள் எத்தனை? போட்ட பிறகுதானே தெரிகிறது. அது அழகாக இருக்கிறது, உண்மையாக இருக்கிறது, அதற்காகவே அவள் செய்யலாம். கோயில் சிற்பத்தைப் பார்த்து யாரும் பயன் கேட்பதில்லை.

இப்போது அந்த இன்னொரு போஸ்டர். இங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது.

நான் பென்னாகரம் பக்கம். என் பல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எந்த போட்டோவிலும் வாய் திறந்து சிரித்திருக்க மாட்டேன். ஊரில் எல்லோருக்கும் அதே காவி. போர் தண்ணி ருசியில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஃப்ளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாறைக்குள்ளிருந்து கரைந்து வரும். ஆழமாகத் தோண்டத் தோண்டப் பல இடங்களில் கூடத்தான் செய்யும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்கள் என்ன குடித்தோம் என்று யார் அளந்தார்கள்?

அளந்தார்கள் ஒருமுறை. ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து மாணவர்கள் முகாம் போட்டார்கள். அம்மாவை நிற்க வைத்து, தரையில் ஒரு ரூபாய் காசைப் போட்டு, முட்டி மடக்காமல் எடுக்கச் சொன்னார்கள். அம்மாவால் முடியவில்லை. தாடையை நெஞ்சில் தொடு என்றார்கள், தொடவில்லை. கையைத் தூக்கிப் பிடரியில் கோர்க்கச் சொன்னார்கள், பாதியில் நின்றது. அம்மாவுக்கு வெட்கம், "வயசாயிடுச்சு கண்ணு" என்று அந்தப் பையனிடம் சமாளிக்கிறாள். வயதாம். நாற்பதைத் தாண்டியிருந்தாலே அதிகம். எலும்பில் ஃப்ளோரைடு ஏறியிருக்கிறதா என்று பார்க்க, மெஷின் இல்லாத இடத்தில் செய்யும் சோதனை அது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். சிறுநீர் டப்பாவில் பெயர் எழுதி வாங்கிப் போனார்கள். முடிவு என்ன என்று இன்றுவரை யாரும் வந்து சொல்லவில்லை. அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தமில்லை. ப்ராஜெக்ட் முடிந்திருக்கும், பணம் முடிந்திருக்கும்.

1937-ல், சென்னை மாகாணமாக இருந்தபோது, நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் குடிதண்ணீர் ஃப்ளோரைடால் எலும்பு இறுகும் இந்த நோயை அடையாளம் கண்டு எழுதினார்கள். நம்ம மாவட்டத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறந்தது 2013-ல். ஜப்பான் கடன் வாங்கி, 1,900 கோடிக்கு மேல் செலவில். இடையில் 76 வருடம். 1937-ல் இருந்தது ஆராய்ச்சி. தெரியாமல் இல்லை, தெரிந்துதான் குடித்தோம். அந்த 76 வருடத்தில் எத்தனை சிறப்பு விருந்தினர்கள் எத்தனை மேடையில் ஃப்ளோரைடு ஆராய்ச்சிக்குக் கைதட்டியிருப்பார்கள்?

அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கைதட்டலை நம்பாதீர்கள். பல் போஸ்டர் வைத்த பையனுக்கு பஸ் காசு யார் கொடுத்தது? தண்ணீர் சாம்பிளை எந்த லேபில், யார் காசில் சோதித்தான்? ஒருவரும் கேட்கவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இனி வந்த கமெண்டுகள்.

"உங்க பொழப்பு கணக்கு, அதான் பேசறீங்க." ஆமாம். அடுத்தது.

"ஏழைகளின் வரிப்பணம் மேடம். சோத்துக்கே வழியில்லாத ஊரில் இந்த ஆடம்பரம் தேவையா?" இதைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறேன், ஏனென்றால் கேட்டவர் நல்ல மனசில் கேட்டார். சார், கணக்கு ஆராய்ச்சியின் செலவு என்ன? பேப்பர், பேனா, நெட், நல்ல லைப்ரரி. உலகத்திலேயே ஏழை ஊருக்குக் கட்டுப்படியாகும் ஆராய்ச்சி இது ஒன்றுதான். லேப் வேண்டாம், எலி வேண்டாம், கோடி ரூபாய் மெஷின் வேண்டாம். ராமானுஜன் பேப்பருக்கே காசில்லாமல் சிலேட்டில் போட்டுத் துடைத்தவர். அந்தப் பொண்ணு செலவழித்தது ஒரு சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும். ஆடம்பரம் என்று நீங்கள் சொல்வது, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அழகான விஷயங்களை யோசிக்கட்டும், பென்னாகரத்துப் பிள்ளைகள் பல்லையும் மலத்தையும் மட்டும் ஆராயட்டும் என்று வந்து முடிகிறது. நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்று தெரியும். ஆனால் அங்கேதான் வந்து முடிகிறது.

"கணக்கில் பாதி பிஎச்டி காப்பிதானே?" இருக்கிறது, மறுக்க மாட்டேன். காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் ஜர்னல்கள் பெருகித்தான் 2018-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்கியது. அதில் எல்லாத் துறையும் உண்டு. 1998-ல் லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழிலேயே வந்ததே, தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்ட் என்ற டாக்டரின் கட்டுரை? பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து எழுதியது. திரும்பப் பெற 2010 ஆயிற்று. அது கிளப்பிய பயம் இன்னும் அடங்கவில்லை. 2017-ல் நம்ம பள்ளிக்கூடங்களுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வந்தபோது வாட்ஸ்அப்பில் என்னென்ன வதந்தி ஓடியது, நினைவிருக்கிறதா? தப்பான கணக்கு நிரூபணத்தால் ஒரு குழந்தைக்காவது காய்ச்சல் வந்திருக்கிறதா?

"அவர் எதார்த்தமா கேட்டார், பெரிய மனுஷன், விட்டுடுங்க." பெரிய மனுஷன்தான். அதனால்தான் விட முடியவில்லை. அவர் சிரித்தால் ஊரே சிரிக்கிறது. அந்தப் பொண்ணு வீட்டில் இந்த வீடியோ பார்த்திருப்பார்களா இல்லையா? "எம்எஸ்சி வேணும்னு நிக்கறியே, பாரு அவரே சொல்றாரு" என்று ஒரு மாமாவாவது சொல்லியிருப்பாரா இல்லையா? எனக்குச் சொன்னார்கள். பிஎச்டி சேர்ந்தபோது எங்கள் வீட்டில் கேட்ட கேள்வியும் இதேதான், என்ன ஆகப்போகிறது. ஆனது என்ன? கௌரவ விரிவுரையாளர், மாதம் 25,000, மே மாதம் அதுவும் கிடையாது. யுஜிசி 50,000 வரை கொடுக்கலாம் என்று 2019-லேயே சொன்னது. கௌரவத்தை மட்டும் முழுசாகக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பொண்ணுக்கு: 11-ஆல் வகுபடுவதற்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. டைசனின் வழி அங்கே பலிக்காது. 1988-ல் ஆண்ட்ரூஸும் கார்வானும் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். என்னிடம் புத்தகம் இருக்கிறது, உன் சாரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடு, விலை அதிகம்.

இன்பாக்ஸில் இரண்டு பேர், "ஜூன்ல ரினிவல் வருது மேடம், எதுக்கு வம்பு, டெலீட் பண்ணிடுங்க" என்று எழுதியிருக்கிறார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள், தெரியும். அவர் பெயரைப் போடவில்லை, கல்லூரி பெயரையும் போடவில்லை. அதற்கு மேல் என்னிடம் மரியாதை கைவசம் இல்லை. பதிவு இருக்கும்.