வரவு செலவுக் கணக்கில் நேரத்தையும் எழுதுங்கள்

வீட்டில் பணம் போதாமல் போகும்போது, "இன்னும் கொஞ்சம் உழைத்தால் சரியாகிவிடும்" என்றுதான் பலரும் முதலில் முடிவு செய்கிறோம். ஓவர்டைம், வார இறுதியில் இன்னொரு வேலை, இரவில் ஆன்லைனில் ஏதாவது. வேறு வழியே இல்லாத வீடுகள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வழி இருக்கிற வீடுகளிலும் இதையே முதலில் கையில் எடுப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கூடுதல் வேலை கடைசியாக யோசிக்க வேண்டியது.

முதலில் கடனைப் பாருங்கள். சம்பளம் 3 சதவீதம் ஏறி, விலைவாசி 8 சதவீதம் ஏறினால், அந்தச் சம்பளத்தில் வாங்க முடிவது ஏறக்குறைய 4.6 சதவீதம் குறைந்துவிடுகிறது. கைக்கு வரும் தொகை கூடியிருப்பதால் இது உடனே தெரியாது, மாதக் கடைசியில்தான் இடிக்கும். அந்தத் துண்டை கிரெடிட் கார்டாலோ வட்டிக்கு வாங்கியோ ஈடுகட்டத் தொடங்கினால் தொல்லை ஆரம்பம். மாதம் மூன்று வட்டி என்பது கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் அது வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும், கட்டாமல் விட்டால் இரண்டு வருடத்துக்குள் கடன் இரட்டிப்பாகிவிடும். கார்டு பில்லில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால், அதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். அசல் லேசில் குறையாது.

இப்படி ஒரு கடன் ஓடிக்கொண்டிருக்க, சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்குப் பணத்தைப் போட்டுவைப்பதில் அர்த்தமில்லை. அவசரத்துக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, மீதியை எடுத்து வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடையுங்கள். இரவில் கண் விழித்துச் சம்பாதிப்பதைவிட இது லாபம். தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே போய்ப் பேசிவிடுங்கள். கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டால் அபராதமும் சேர்ந்துகொள்ளும்.

அப்புறம், கூடுதல் வேலையில் உண்மையில் கையில் நிற்பது எவ்வளவு? போய்வரும் செலவு, சமைக்க முடியாமல் வெளியில் வாங்கும் சாப்பாடு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மீதியை மொத்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். சில வீடுகளில் அந்த எண் அதிர்ச்சியாக இருக்கும். உடம்புக் கணக்கு இன்னும் சேரவில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம்.

அந்தக் கூடுதல் நேரம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். கணவன் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால், வீட்டில் அவர் செய்திருக்க வேண்டிய வேலை மனைவியின் தலையில் விழுகிறது. அவளும் வேலைக்குப் போகிறவள் என்றால் அவளுடைய தூக்கம்தான் குறையும். உலக அளவில் சம்பளமில்லாத வீட்டு வேலை, பராமரிப்பு வேலைக்குச் செலவாகும் நேரத்தில் நான்கில் மூன்று பங்கைப் பெண்களே சுமக்கிறார்கள் என்று அதே தொழிலாளர் அமைப்பு 2018-இல் சொன்னது. வருமானம் என்று ஒரு பக்கம் எழுதினால், இதையும் செலவு என்று மறுபக்கம் எழுதத்தான் வேண்டும்.

இதையெல்லாம் ஒருவர் மட்டும் மனதுக்குள் வைத்துக்கொண்டு செய்ய முடியாது. "உனக்கு எதுக்கு இந்தக் கவலை, நான் பாத்துக்கறேன்" என்பது அன்பில் சொல்வதுதான். ஆனால் எவ்வளவு கடன் இருக்கிறது என்று தெரியாதவர் எந்தச் செலவைக் குறைப்பார்? கணவன் மனைவி இருவரும் ஒரே காகிதத்தைப் பார்க்க வேண்டும். விவரம் தெரியும் வயதுப் பிள்ளைகளிடமும் "இந்த வருடம் இது முடியாது" என்று காரணத்தோடு சொல்லலாம். காரணம் தெரியாமல் அப்பா அம்மாவின் எரிச்சலை மட்டும் பார்க்கிற குழந்தை, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் துண்டு விழுகிறதா? சரி, கூடுதல் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்தக் கடனுக்காக, எந்த மாதம் வரை என்று அன்றைக்கே இருவரும் பேசி எழுதிவிடுங்கள். அப்படி எழுதாவிட்டால், கடன் தீர்வதற்குள் அந்த வருமானத்தை நம்பிப் புதுச் செலவு ஒன்று வந்துவிடும், வேலையை விடவும் முடியாது.