பேஸ் சோலோவே வேணாம்னு ஒரேயடியா சொல்லாதீங்க
பேஸ் கிட்டார் (தடிச்ச கம்பியில கீழ் சுரங்கள் வாசிக்கிறது) வாசிக்கிறவர் தாளத்தோட நின்னா போதும், சோலோ (ஒருத்தர் முன்னுக்கு வந்து தனியா வாசிக்கிறது) எல்லாம் லீட் கிட்டாருக்கும் கீபோர்டுக்கும்தான்னு இந்தக் கட்டுரையில எழுதியிருக்கிறத என்னால ஏத்துக்க முடியல, 1939ல அமெரிக்க ஜாஸ் இசைக்காரர் டியூக் எலிங்டன் குழுவுல சேர்ந்த ஜிம்மி பிளாண்டன் அந்தக் காலத்துலயே டபுள் பேஸ்ல (நின்னு வாசிக்கிற பெரிய பேஸ்) சோலோ வாசிச்சவரு, 1965ல இங்கிலாந்து ராக் குழு தி ஹூவோட மை ஜெனரேஷன் பாட்டுல கிட்டார் சோலோ வர வேண்டிய இடத்துல ஜான் என்ட்விசிலோட பேஸ்தான் முன்னுக்கு வருது. மேல கமெண்ட்ல ஒருத்தர் பேஸ் சோலோ வந்தா சனம் டீ குடிக்க எழும்பிப் போயிரும்னு போட்டிருக்காரு, அது பேஸோட குத்தம் இல்ல, கூட வாசிக்கிறவங்க இடம் விடாததுதான். இலங்கையில ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாக்கள்ல நான் கீபோர்ட் வாசிக்கிறேன், எங்க பேஸ்காரர் சோலோவுக்குப் போனா பாட்டோட அடி கழண்டுராம இருக்க நான் இடது கையால ரூட் நோட்ட (கோர்டோட அடிச் சுரம்) மட்டும் பிடிச்சிக்குவேன், டிரம்மர் கிக்க (காலால அடிக்கிற பெரிய டிரம்) விட்டுட்டு ஹை-ஹாட் (ஜோடித் தட்டு) மட்டும் மெதுவா தட்டுவாரு, ரிதம் கிட்டார் சும்மா நிக்கும், பேஸ்காரர் மெல்லிய டி, ஜி கம்பியில பன்னெண்டாவது ஃபிரெட்டுக்கு (கழுத்துல உள்ள குறுக்குக் கட்டை) மேல, உயர்ந்த சுரங்களுக்குப் போயிருவாரு, ஏன்னா கீழ ஈ கம்பி கிட்டத்தட்ட 41 ஹெர்ட்ஸ், அங்க வேகமா வாசிச்சா பெரிய ஸ்பீக்கர்ல வெறும் உறுமல்தான் கேக்கும். முதல்ல பாட்டோட மெட்டத் தொடணும், அப்புறம் எங்க வேணும்னாலும் போகலாம், விரல் வேகத்தக் காட்ட மட்டும் எடுக்கிற சோலோ எனக்கும் சுத்தமா பிடிக்காது. சோலோவுக்கு எட்டு பார் (எட்டுத் தாளச் சுற்று) தாராளம், ஆனா பைலா (இலங்கையோட ஆட்டப் பாட்டு) ஓடிக்கிட்டு இருக்கும்போது மட்டும் வேணாம், ஆடுறவங்க காலுக்கு அந்த பேஸ் லைன் கட்டாயம் வேணும்.