லெக் பிரஸ்ஸில் தப்பாகச் செய்யவே முடியாதா?

"மெஷின் ஒரே பாதையில்தான் போகும், அதனால் லெக் பிரஸ்ஸுக்கு டெக்னிக் தேவையில்லை" என்று ஒருவர் எழுதியிருப்பது சரியில்லை. லெக் பிரஸ் என்பது சாய்ந்து உட்கார்ந்து, எடை ஏற்றிய பலகையைக் காலால் தள்ளும் ஜிம் மெஷின். அதில் தடம் பிடித்து ஓடுவது பலகை மட்டும்தான். உங்கள் இடுப்பை எதுவும் பிடித்து வைத்திருக்கவில்லை.

பலகை 45 டிகிரி சாய்வில் ஓடும் மெஷினில் பலரும் பலகையை மார்புவரை இறக்குவார்கள். தொடை வயிற்றை நெருங்கியதும் இடுப்பு சுருண்டு, பிட்டம் சீட்டைவிட்டு எழும். கீழ்முதுகு வளைந்த அந்த நிலையில் சுமை அங்கே ஏறுகிறது. முதுகில் வலி வர இதுவும் ஒரு காரணம், எடை மட்டுமல்ல. பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள். பிட்டம் எழத் தொடங்கும் இடத்துக்கு இரண்டு விரல்கடை முன்பே நிறுத்துங்கள். அந்த ஆழம் ஆளுக்கு ஆள் மாறும். எல்லோரும் "முட்டி 90 டிகிரி மடங்கும்வரை" இறக்க வேண்டும் என்பதும் உதவாது. பலகை மேலும் இறங்காமல் தடுக்கும் சேஃப்டி ஸ்டாப்பரை, நீங்கள் நிறுத்தும் இடத்துக்குச் சற்றே கீழே வையுங்கள்.

குதிகால் தூக்கினால் பாதத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். முட்டி உள்பக்கம் சாயக் கூடாது, தள்ளி முடிக்கையில் வெடுக்கென்று நிமிரவும் கூடாது. கையால் முட்டியைத் தள்ளி உதவ வேண்டியிருந்தால் எடைத் தட்டுகளைக் கழற்றுங்கள். கையின் இடம் பக்கவாட்டுக் கைப்பிடி.