உஸ்பெக் இசையை ஹோட்டல் மேடையில் தேடாதீர்கள்

உஸ்பெகிஸ்தானின் புகாரா நகரத்து ஹோட்டலில் எடுத்த அந்த வீடியோவை ஆளுக்கு ஒரு தடவை எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். இந்தியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்து அந்தக் கலைஞர்கள் ஆசையாக ஒரு ராஜ் கபூர் பாட்டு வாசிக்கிறார்கள். கேட்டுவிட்டு, வீடியோ எடுத்த நம் தம்பி கேமராவைத் திருப்பி, “இவங்களுக்குன்னு ஒரு மியூசிக்கே கிடையாது, பாட்டு நம்மகிட்ட எடுத்தது, வாத்தியம் ரஷ்யாக்காரன் கொடுத்தது” என்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்பு.

விருந்தாளிக்குப் பிடிக்குமே என்று வாசித்தவனைப் பார்த்து உனக்கென்று ஒன்றுமில்லை என்பது என்ன நியாயம்? அவர்களுக்கென்று இசை இருக்கிறது. இரண்டாயிரம் வருஷமாக இருக்கிறது.

உஸ்பெகிஸ்தானின் தெற்கே தெர்மெஸ் ஊர்ப் பக்கம் அய்ர்தாம் என்ற இடத்தில், அமு தாரியா ஆற்றில் 1932-ல் ஒரு கல் சிற்பம் கிடைத்தது. குஷானர் காலத்தது. இலைகளுக்கு நடுவே மார்பளவு தெரியும் கலைஞர்கள். ஒருவர் கையில் யாழ் போன்ற கருவி, இன்னொருவரிடம் தந்தி வாத்தியம், மற்றொருவரிடம் மேளம். இப்போது அது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய சமர்கந்தான அஃப்ராசியாப் மேட்டில் தோண்டியபோது தந்தி வாத்தியம் வாசிக்கும் சுடுமண் பொம்மைகள் வந்தன. சீனாவின் டாங் அரசவையில் சமர்கந்து இசைக்குத் தனிக் குழு, புகாரா இசைக்குத் தனிக் குழு. அப்போது ரஷ்யா என்ற நாடே கிடையாது.

உடனே ஒருவர் வருவார்: அந்தக் காலத்தில் சமர்கந்து, புகாராவில் இருந்தவர்கள் சோக்தியர்கள் என்ற பழைய இனத்தார், பேசியது ஈரானிய மொழி, உஸ்பெக் குடியரசு 1924-ல்தானே வந்தது என்று. சரி, வந்தது. எல்லைக்கோடுதான் 1924-ல் போட்டது, ஊர் அன்றைக்கா முளைத்தது? வந்தவர்களும் இருந்தவர்களும் கலந்து வாழ்ந்த மண் அது. ஷஷ்மகோம் என்பது அவர்களின் செவ்வியல் இசை; ஆறு மகோம்களின், அதாவது நம் ராகம் மாதிரியான இசை வகைகளின், தொகுப்பு. அதை உஸ்பெக்கிலும் பாடுகிறார்கள், தஜிக்கிலும் பாடுகிறார்கள். யுனெஸ்கோ பட்டியலில் அது இரண்டு நாட்டின் பெயரிலும்தான் இருக்கிறது. புகாராவை ஆண்ட கடைசி அமீரின் அவையில் அதைப் பாடிய லெவி பாபாகானோவ் புகாரா யூதர். இத்தனை பேர் சேர்ந்து காப்பாற்றியதற்கு ஒரே ஒரு சொந்தக்காரர் வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறீர்கள்?

வாத்தியம் ரஷ்யாக்காரன் கொடுத்ததாம். கொடுக்கவில்லை ஐயா, மாற்றினார்கள். ஏற்கெனவே இருந்த ருபாப், கிஜ்ஜக், சாங் என்ற தந்தி வாத்தியங்கள் எல்லாவற்றையும் சோவியத் காலத்தில் பியானோ மாதிரி பன்னிரண்டு சுரத்துக்குள் அடைத்து ஆர்கெஸ்ட்ராவில் உட்கார வைத்தார்கள்.

புகாராவில் ஒரு பெரியவர் வீட்டில் தன்பூர் என்ற நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியம் கேட்டேன். நம் தம்புரா போல சுருதிக்கு மட்டும் அல்ல, அதில் முழுப் பாட்டும் வாசிக்கிறார்கள். ஆள்காட்டி விரலில் நோஹுன் என்ற சின்ன உலோக மீட்டியை மாட்டிக்கொண்டு, தந்தியைத் தட்டி, இடது கை விரலால் அதை இழுத்து அசைக்கும்போது அந்த ஒரு சுரமே அழுகிறது. பக்கத்தில் அவர் பேரன் தோய்ரா என்ற கஞ்சிரா மாதிரியான வாத்தியத்தின் தோலை அடுப்பருகே காட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தான், தோல் இறுகினால்தான் நாதம் எழும் என்று. உள்ளே வளையங்கள் கிலுகிலுத்தன. அப்புறம் பாட்டு. அடித்தொண்டையில் தொடங்கி, அவசரமே இல்லாமல் ஏறி ஏறி, அவ்ஜ் என்ற உச்சிக்குப் போகும். ஹோட்டலில் சாப்பாட்டுக்கு நடுவே ரெண்டு நிமிஷத்தில் இது கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடுமா?

“ஒரு வீடியோவுக்கு இவ்வளவு கோபமா” என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்கு: ஆமாம், கோபம்தான். இந்த இசையைச் சொந்த ஊரிலேயே இல்லாமல் ஆக்கப் பார்த்தார்கள். 1923-ல் ஃபித்ரத் என்ற அறிஞர் ஏற்பாடு செய்து, உஸ்பென்ஸ்கி என்ற இசையமைப்பாளரை வைத்து, பழைய உஸ்தாதுகள் பாடப் பாட ஷஷ்மகோமை எழுதி வைத்தார். மறுவருஷம் புத்தகமாக வந்தபோது சுரம் மட்டும் இருந்தது, பாடல் வரிகள் இல்லை. 1927-ல் உஸ்பெக் செவ்வியல் இசையின் வரலாற்றை எழுதினார். 1938-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1950-களின் தொடக்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சி மகோமை அரண்மனைச் சரக்கு என்று ஒதுக்கியது. அதற்கப்புறமும் யூனுஸ் ரஜபி என்ற இசைக் கலைஞர் வானொலியில் குழு சேர்த்து, பாட வைத்து, தொகுதி தொகுதியாக அச்சில் கொண்டுவந்தார். இவ்வளவுக்கும் தப்பி வந்த ஒன்றை, கபாப் தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ‘கிடையாது’ என்று சொல்ல எப்படி மனசு வந்தது?

தம்பி, உஸ்பெக் கலைஞர் துர்குன் அலிமாதோவ், சதோ என்ற, வில்லால் வாசிக்கும் தன்பூரை வாசித்தது யூடியூபில் இருக்கிறது. ஒன்றே ஒன்று முழுதாகக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அவர்களுக்கு இசை கிடையாது என்ற அந்த வரியை வீடியோவிலிருந்து எடுத்துவிடுங்கள்.