டிக்கியில் கொட்டும் காசைக் கதவில் போடுங்கள்

சாயங்கால நேரத்தில் வேலூர் கிரீன் சர்க்கிளில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் ஏதாவது ஒரு கார் 'தம் தம்' என்று அதிரும். என்ன பாட்டு என்று தெரியாது. நம்பர் பிளேட் கடகடப்பது மட்டும் நன்றாகக் கேட்கும். டிக்கி முழுக்க ஊஃபர் (கனமான ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) பெட்டி, அதற்குச் சக்தி கொடுக்க ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). இவ்வளவு செலவு செய்தும் அந்த மனுஷனுக்கு ஒரு பாட்டு ஒழுங்காகக் கேட்கவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

என் கட்சி இதுதான்: காரில் நல்ல ஒலி வேண்டுமென்றால் முதல் செலவு முன் கதவு இரண்டுக்கும்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் காற்றை இழுக்கிறது. முன்னால் வரும் அலையும் பின்னால் போகும் அலையும் நேர் எதிர். இரண்டும் கலந்தால் கனமான ஒலியெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிடும். வீட்டு ஸ்பீக்கருக்குப் பெட்டி கட்டுவது முக்கியமாக இதைத் தடுக்கத்தான். காரில் கதவுதான் பெட்டி. அந்தக் கதவின் உள்பக்க மூடியை (டிரிம்) கழற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் உள் தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட், அவ்வளவுதான். இதில் எவ்வளவு விலை கொடுத்து ஸ்பீக்கர் மாட்டினாலும் பேஸ், அதாவது அந்தக் கனமான ஒலி, எங்கிருந்து வரும்?

அந்த ஓட்டைகளை அடைத்து, வெளித் தகட்டின் உட்புறம் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் ஷீட் (டேம்பிங் ஷீட்) ஒட்டி ரோலரால் அழுத்தி உருட்டச் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு முன் விரலை மடக்கித் தட்டினால் 'டங்' என்று கேட்கும் தகடு, ஒட்டியபின் 'தொப்' என்று அடங்கும். கம்பெனியில் வந்த பழைய ஸ்பீக்கரே வேறு மாதிரிப் பாடும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும்போது உள்ளே வரும் இரைச்சலும் கொஞ்சம் குறையும், வால்யூமை ஏற்ற வேண்டிய அவசியமும் குறையும்.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிவதற்கென்று துவாரங்கள் இருக்கும். அவசரத்தில் அதையும் சேர்த்து அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கித் தகடு துருப்பிடிக்கும். அப்புறம், மலிவாகக் கிடைக்கிறதே என்று தார் ஷீட்டை ஒட்டவிடாதீர்கள். நம்ம ஊர் கத்திரி வெயிலில் வண்டியை வெளியே நிறுத்தினால் அது இளகி நழுவும், வண்டிக்குள் தார் வாடை சுற்றும். மலைப்பிரதேசத்துக்காரர்கள் வேண்டுமானால் தப்பிக்கலாம், வேலூர்க்காரர்களால் முடியாது.

வாட்ஸ் கதைக்கு வருவோம். ஆம்ப் வரும் அட்டைப்பெட்டியில் 1000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது பீக் கணக்கு, கண நேர உச்சம். தொடர்ந்து எவ்வளவு கொடுக்கும் என்பதைச் சொல்வது ஆர்எம்எஸ். நம்பிக்கை இல்லையென்றால் ஆம்பில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 20 ஆம்பியர் ஃபியூஸ், வண்டி ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 14 வோல்ட். பெருக்கினால் 280 வாட்ஸ்தான் உள்ளேயே போகிறது, 1000 வெளியே எப்படி வரும்? சக்தியை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு அது லேசான வித்தியாசம். 50 வாட்ஸை 100 ஆக்கக் காசைக் கரைப்பதில் அர்த்தமில்லை. ஆம்பில் உள்ள கெயின் திருகையும் வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்பிவிடுவார்கள். ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவதுதான் அதன் வேலை. அளவு மீறினால் அலையின் தலை வெட்டுப்படும், ஒலி கரகரக்கும், கடைசியில் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகும்.

கடைகளில் யாரும் வாயே திறக்காத விஷயம் ஒன்று உண்டு. நாம் காரின் நடுவில் உட்காருவதில்லை. வலது கதவு ஸ்பீக்கர் ஓட்டுநருக்கு 90 சென்டிமீட்டரில் இருந்தால் இடதுபக்கம் இருப்பது 130 இருக்கும். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அந்த 40 சென்டிமீட்டரைக் கடக்க ஒரு மில்லி விநாடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். இத்தனூண்டு தாமதம் போதும், முதலில் வந்த பக்கத்துக்கே காது சாய்ந்துவிடும், பாடகர் நம் வலது முழங்கால் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார். கொஞ்சம் நல்ல ஸ்டீரியோவில், கிட்டே இருக்கும் ஸ்பீக்கரின் ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்த டைம் அலைன்மென்ட் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. இஞ்சி டேப்பை எடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் தலை வரைக்கும் அளந்து போட்டால், பாடகர் முன் கண்ணாடிக்கு நேராக வந்து நிற்பார். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

எதை வைத்துச் சோதிப்பது? கடையில் போட்டுக் காட்டும் 'டெமோ' பாட்டில் எல்லா செட்டும் நன்றாகத்தான் கேட்கும். நான் போடுவது ஒரு பாரதக் கூத்துப் பதிவு. செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் நண்பர் ரெக்கார்டர் வைத்து எடுத்தது. மிருதங்கத்தின் தொப்பி (கனமாக ஒலிக்கும் இடது முகம்) கும்மென்று வந்து உடனே நிற்க வேண்டும், இழுத்தால் கதவு அதிர்கிறது என்று அர்த்தம். ஆர்மோனியம் மூக்கடைத்த மாதிரி ஒலித்தால் நடு ஒலி சரியில்லை. முகவீணை என்ற ஊதுகுழலும் தாளமும் காதைக் குத்தினால் டிரெபிளை (கீச்சொலியை) கூட்டி வைத்திருக்கிறார்கள். கூத்து வாத்தியார் வசனம் பேசும்போது ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா என்பதுதான் எனக்குப் பெரிய பரீட்சை. யூடியூபிலிருந்து உருவி வாட்ஸ்அப்பில் சுற்றிய பாட்டைப் போட்டுவிட்டு செட்டைக் குறை சொல்லாதீர்கள்.

பின் கதவு ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்பார்கள். கச்சேரியில் யாராவது மேடைக்கு முதுகைக் காட்டி உட்காருவார்களா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டால் போதும், கம்பெனி ஸ்பீக்கரே அப்படியே இருக்கட்டும்.

இதெல்லாம் முடிந்து காசு மிச்சமிருந்தால் 10 இன்ச் ஊஃபர் ஒன்றை மூடிய பெட்டியில் தாராளமாகப் போடுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஊஃபர், மேலே கதவு என்று வேலையைப் பிரித்துவிடச் சொல்லுங்கள். சுருதி பாதியானால், அதே சத்தத்துக்குக் கூம்பு நாலு மடங்கு தூரம் ஆட வேண்டும், இப்படிப் பிரித்தால் அந்தப் பாரம் கதவு ஸ்பீக்கருக்குக் குறையும். பேட்டரியிலிருந்து வரும் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி எடுக்க வழி விட்டுப் பெட்டியை வைக்கச் சொல்லுங்கள்.