‘எல்லாம் தானா நடக்குது’ என்ற அண்ணனுக்கு

பணக்காரர்களின் பனிச்சறுக்கு கிளப் ஒன்றில் விருந்தாளியாக இருந்துவிட்டு வந்து, “எல்லாம் தானா நடக்குது” என்று ஒரு அண்ணன் தன் சேனலில் போட்ட வீடியோவை எனக்கு அனுப்பாத ஆள் பாக்கி இல்லை. சித்தப்பா அனுப்பினார், பழைய ஹாஸ்டல் குரூப்பில் போட்டார்கள், “உங்க ஊராமே?” என்று என் மனைவியின் தோழிகள் வேறு. முழுசாகப் பார்த்தேன். ஆகவே “முழுசா பாக்காம பேசாதீங்க” என்று யாரும் வர வேண்டாம்.

அதற்குக் கீழே “அப்படி இல்லை அண்ணே” என்று நான் எழுதிய கமெண்டும் அதற்கு வந்த அர்ச்சனையும் உங்களில் பலருக்குத் தெரியும். பாதியை அழித்துவிட்டார்கள். சரி, அவர்கள் சேனல், அவர்கள் இஷ்டம். இங்கே என் பக்கத்தில் நிதானமாக எழுதுகிறேன். நிதானமாகத்தான்.

முதலில், அது எங்கள் ஊர் இல்லை. நான் இருப்பது பெல்கிரேட். ஐரோப்பாவில் இருக்கும் பெல்கிரேட் அல்ல, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் போஸ்மன் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர். அண்ணன் விருந்தாளியாகப் போய் வந்தது பிக் ஸ்கை என்ற மலையூரில் இருக்கும் யெல்லோஸ்டோன் கிளப். நடுவில் பள்ளத்தாக்கில் கேலட்டின் ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து போகும் 191-ஆம் நெடுஞ்சாலை. பனி இல்லாத நாளிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த வழியில்தான் நான் வேலைக்குப் போகிறேன்.

அண்ணன் வீடியோவில் என்னென்னவோ சொன்னார். காசுக்குக் கணக்கில்லாத மனிதர்கள் வரிசையில் நிற்காமல் பனிச்சறுக்கு விளையாடுகிறார்களாம், உண்மை. சரிவின் நடுவே குடில் போட்டு மிட்டாயும் சூப்பும் சும்மா தருகிறார்களாம், அதுவும் உண்மை. பிள்ளைகள் தனியாக மலை ஏறி இறங்கினாலும் பயமில்லையாம், இருக்கட்டும். எனக்கு உறுத்தியது ஒரே ஒரு வரிதான். “அங்க வீடு வாங்கிட்டா ஒரு டென்ஷனும் இல்லைங்க, எல்லாம் தானா நடக்குது. டிரைவ்வேல பனி விழுந்தா அதுவே உருகிடுது.”

அதுவே உருகிடுதாம்!

அண்ணே, பனி அதுவாக உருகவில்லை. கான்கிரீட்டுக்கு அடியில் பாய் விரித்த மாதிரி குழாய் ஓடுகிறது. உறையாமல் இருக்க கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த வெந்நீர் அதில் சுற்றுகிறது. அதைச் சூடாக்க ஒரு பாய்லர், தள்ள ஒரு பம்ப், பனி விழுகிறதா என்று பார்க்கத் தரையில் ஒரு சென்சார், இத்தனையையும் இணைக்க ஒரு கன்ட்ரோலர். அந்த கன்ட்ரோலர் படுத்துக்கொண்டால் வருகிற ஆள் நான். தானாக எதுவும் நடக்கவில்லை. நான் போய் நடக்க வைக்கிறேன். என்னைப் போல இன்னும் ஆயிரக்கணக்கானவர்கள் விடியற்காலையில் அந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போய் நடக்க வைக்கிறார்கள்.

அந்தக் கிளப்பைப் பற்றி அண்ணன் சொல்லாததையும் சொல்லிவிடுகிறேன், எல்லாம் ஊரறிந்ததுதான். 1990-களில் டிம் பிளிக்செத் என்ற மர வியாபாரியும் கூட்டாளிகளும் அந்தப் பக்கம் ஏராளமான காட்டு நிலத்தை வாங்கினார்கள். அரசாங்கத்தோடு நிலமாற்றம் செய்து கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடந்ததை ஒன்று சேர்த்தார்கள். 1997-இல் கிளப் பிறந்தது. பதினையாயிரம் ஏக்கர் சொச்சம், உறுப்பினர் குடும்பங்கள் 864-க்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். சேர வேண்டுமானால் உள்ளே மனையோ வீடோ வாங்கியாக வேண்டும், நுழைவுத் தொகை தனி, வருடச் சந்தா தனி. பில் கேட்ஸ் உறுப்பினர் என்று பத்திரிகைகள் எழுதியாயிற்று. 2005-இல் கிரெடிட் சுவிஸ் வங்கியில் 375 மில்லியன் டாலர் கடன் வாங்கினார்கள், அதில் பாதிக்கு மேல் நிறுவனரின் வேறு தொழிலுக்குப் போனது, 2008 நவம்பரில் கிளப் திவால் மனு போட்டது. அடுத்த வருடம் பாஸ்டனைச் சேர்ந்த கிராஸ்ஹார்பர் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கித் தூக்கி நிறுத்தியது. ஆகவே அந்தக் கிளப்பும் தானாக நடக்கவில்லை. ஒருமுறை தானாக விட்டுப் பார்த்து என்ன ஆனது என்று நீதிமன்றப் பதிவுகளில் இருக்கிறது.

இப்போது என் கமெண்டுக்குக் கீழே வாதாடிய எதிரணி வக்கீல்களுக்கு வருகிறேன்.

“வேலை குடுக்கறாங்களே, அந்தக் காசுலதானே சாப்பிடற?” ஆமாம், சாப்பிடுகிறேன். நல்ல சம்பளம், மறுக்கவே இல்லை. சென்னையில் சிசிடிவி மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மாதத்தில் வந்ததை இங்கே ஒரு நாளில் பார்க்கிறேன். ஆனால் சோறு போடுகிறவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று வாயே திறக்கக்கூடாது என்றால் அது வேலையா, அடிமைச் சாசனமா? நான் கிளப்பைத் திட்டவில்லை. கிளப்பில் வேலை ‘தானாக’ நடக்கிறது என்று சொன்ன அண்ணனைத்தான் கேட்கிறேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எந்த கிளப், யார் வீடு என்று சொல்ல மாட்டேன். அந்த மலையில் யெல்லோஸ்டோன் கிளப் மட்டுமா இருக்கிறது? ஸ்பானிஷ் பீக்ஸ் இருக்கிறது, மூன்லைட் பேசின் இருக்கிறது, எல்லாவற்றிலும் பனிச்சறுக்கு உண்டு, கோல்ஃப் உண்டு, வாசலில் கேட் உண்டு. பிப்ரவரி மாதம், ஜனாதிபதிகள் தின விடுமுறைக்கு முந்தின இரவு. மைனஸ் 20 பாரன்ஹீட். டிரைவ்வேயில் பாதி உருகி மீதி கண்ணாடியாக உறைந்து கிடக்கிறது, குடும்பம் மறுநாள் காலை தனி விமானத்தில் போஸ்மனில் இறங்குகிறது, உடனே வா என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் கூப்பிட்டார். போனேன்.

பின்வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். அங்கே ஷூ கழற்றும் அறையே எங்கள் வீட்டு ஹால் அளவு. சுவரில் வரிசையாகக் கம்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்கீ பூட் கவிழ்த்து மாட்டியிருக்கிறது, கம்பிக்குள்ளிருந்து சன்னமாகச் சூடான காற்று வருகிறது. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று அளவு வாரியாக அத்தனையும் காய்ந்து வெதுவெதுப்பாக. போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒருவரும் அதில் கால் வைக்கவில்லை. சமையலறையில் பெருவிலிருந்து, மாணவர்கள் விடுமுறையில் வந்து வேலை பார்க்கத் தரும் ஜே-1 விசாவில் வந்த ஒரு மாணவி, கையில் பட்டியலோடு ஃபிரிட்ஜை நிரப்பிக்கொண்டிருந்தாள். தயிர் டப்பாவின் லேபிள் எல்லாம் முன்பக்கம் பார்க்க வேண்டும், ஸ்ட்ராபெர்ரியைக் காம்பு கிள்ளாமல் கழுவி, துடைத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். அவள் ஒவ்வொரு பழமாகத் துணியில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

நான் பாய்லர் ரூமில் கருகிப்போன ஒரு ரிலேயை மாற்றிவிட்டு மேலே வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. குடும்பம் வரவில்லையாம், வேறு இடத்தில் இருக்கும் வேறு வீட்டுக்குப் போகிறார்களாம். டிரைவ்வேயை அணைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், ஒருவேளை மனசு மாறலாம், ஓடட்டும் என்றார் மேனேஜர். ஸ்ட்ராபெர்ரியை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். விதி இடம் தராது என்று சொல்லிவிட்டார். அவரும் கெட்டவர் இல்லை, விதி அப்படி. அத்தனையும் கறுப்புப் பைக்குள் போயிற்று. கடைசி பஸ் போய்விட்டதால் அவளை நான்தான் என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். ஒரே அறையில் நாலு பேர் தங்கியிருக்கிறார்கள். எல்லாம் தானாக நடக்கும் வீட்டில் அன்றைக்கு இவ்வளவு நடந்தது, அண்ணே. வீட்டுக்காரர்கள் வராமலே.

“அவங்க இயற்கையைக் காப்பாத்தறாங்க, இல்லாட்டி அபார்ட்மென்ட் கட்டியிருப்பாங்க” என்று ஒரு தம்பி. தம்பி, 2016 மார்ச்சில் யெல்லோஸ்டோன் கிளப்பில் என்ன நடந்தது என்று தேடிப் படியுங்கள். கோல்ஃப் மைதானத்துக்குப் பாய்ச்சுவதற்காகக் குளத்தில் தேக்கி வைத்திருந்த சுத்திகரித்த கழிவுநீர், ஒரு குழாய் உடைந்து சுமார் 3 கோடி கேலன் மலைச்சரிவில் இறங்கி, மண்ணை அரித்துக்கொண்டு கேலட்டின் ஆறு வரை போனது. தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. இப்போது அதே மாதிரி சுத்திகரித்த நீரைச் செயற்கைப் பனியாக்க மாநில அனுமதி வாங்கியிருக்கிறார்கள், அது நல்ல யோசனை என்று ஆற்றுக்காகப் பாடுபடுகிறவர்களே சொல்கிறார்கள். சரி, நல்லது. ஆனால் அந்த கோல்ஃப் புல்லை யோசித்துப் பாருங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான் ஆட்டம், மீதி மாதமெல்லாம் பனிக்கு அடியில். பனி மூடுவதற்கு முன்னால் பூஞ்சை பிடிக்காமல் மருந்தடிக்க வேண்டும், பனி விலகியதும் செத்த இடத்தை ஒட்டுப்போட வேண்டும். ஏழாயிரம் அடி உயரத்தில் புல்லும் தானாகப் பச்சையாக இருப்பதில்லை.

“அறக்கட்டளை வெச்சு தர்மம் பண்றாங்க.” பண்ணட்டும், சந்தோஷம்.

“தொழிலாளிகளுக்கு வீடு கட்டித் தர்றாங்களே?” கட்டியிருக்கிறார்கள், இன்னும் கட்டுகிறார்கள். போதவில்லை. போதியிருந்தால் காலை ஆறு மணிக்கு 191-இல் அந்த ஹெட்லைட் வரிசை ஏன்? மொன்டானாவில் சாலை விபத்தில் யாராவது இறந்தால் அந்த இடத்தில் ஒரு சின்ன வெள்ளைச் சிலுவை நடுவது 1950-களிலிருந்து வழக்கம். அந்தப் பள்ளத்தாக்கு வழியாக ஒருமுறை வந்து பாருங்கள். பிக் ஸ்கைக்கு மேயரும் கிடையாது, நகராட்சியும் கிடையாது, இரண்டு கவுன்டிகளில், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, காலை வைத்துக்கொண்டு நிற்கிறது. கழிவுநீர் நிலையத்துக்காக 2020-இல் மக்கள் வாக்களித்து சுற்றுலா ஊரில் வாங்குகிற பொருள் மேல் போடும் ரிசார்ட் வரியை 3 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். மலையில் ஒரு பர்கர் வாங்கித் தின்றால் நானும் அதைக் கட்டுகிறேன். இதையும் வீடியோவில் சொல்லியிருக்கலாம்.

வீடு என்று பேச்சு வந்துவிட்டதால் என் வீட்டுக் கதையையும் கேளுங்கள். முதலில் போஸ்மனில் வாடகைக்கு இருந்தோம். மனைவிக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை, பக்கத்திலேயே வீடு, பெண் நடந்தே பள்ளிக்கூடம் போனாள். வீட்டுக்காரர் ஒருநாள் தங்கமாகச் சிரித்துக்கொண்டே வந்தார், அடுத்த மாதம் காலி பண்ணுங்கள் என்றார். பனிச்சறுக்குக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போகிறாராம். நாங்கள் வருஷக்கணக்கில் சுத்தமாக வைத்திருந்த வீடு. என் மனைவி சன்னலோரம் தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியைக் கூட அவர் ‘அலங்காரம்’ என்று விளம்பரப் படத்தில் போட்டிருந்தார். அப்புறம் கடன் வாங்கி பெல்கிரேடில் இந்த வீடு. என் டிரைவ்வேயில் விழுகிற பனியை நானும் என் மண்வெட்டியும்தான் அள்ளுகிறோம். 2023-இல் மாநிலம் முழுக்கச் சொத்து மறுமதிப்பீடு செய்தார்கள், வரி எகிறியது. எவனோ எங்கேயோ கொடுக்கும் விலைக்கு என் வீட்டின் மதிப்பும் ஏறுகிறது, நான் விற்கப்போவதில்லை, வரி மட்டும் கட்ட வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு விகிதம், இரண்டாவது வீட்டுக்கு அதைவிட அதிகம் என்று 2025-இல் சட்டசபை மாற்றியது. பணக்காரர்கள் மேல் அநியாயம் என்று அதற்கும் நம் ஆட்கள் ஒரு பதிவு போட்டார்கள். போஸ்மனில் தெருவோரம் கேம்பர் வண்டிக்குள் குளிர்காலத்தைக் கழிக்கிறவர்களுக்காக ஒரு பதிவு? தேடிப் பார்த்தேன்.

“பொறாமை” என்று எழுதியவர்களுக்கு என்ன சொல்ல? அந்த வீடுகளின் அத்தனை ஸ்விட்சும் எனக்குத் தெரியும். எந்த அறையில் எந்த விளக்கு எத்தனை மணிக்கு மங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவன் நான். அங்கே ராத்திரி தங்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. பார்க்க அழகாக இருக்கும், அதையும் சொல்கிறேன். லோன் பீக் சிகரத்தில் காலை வெயில் படும்போது வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்திருக்கிறேன். அதற்கு நுழைவுத் தொகை எதுவும் கட்டவில்லை.

விமானத்தில் ஏறி, விருந்தாளியாக நாலு நாள் இருந்து, கொடுத்த சூப்பைக் குடித்துவிட்டு வந்து “எல்லாம் தானா நடக்குது” என்கிறார். அதற்கு லட்சம் பேர் கைதட்டுகிறார்கள். அங்கே நிஜமாகவே வேலை பார்க்கிற ஒருத்தன் “அப்படி இல்லை அண்ணே” என்று மரியாதையாகத்தான் எழுதினேன். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. அதற்குத்தான் அந்தப் பெரிய மனிதர், பெயர் வேண்டாம், “ஒயர் மாட்டறவனுக்கு வேலைக்காரப் புத்திதான் இருக்கும்” என்று பதில் போட்டார். அதற்கும் எழுநூறு லைக். அண்ணன் கையாலேயே ஒரு சிரிப்பு ஸ்மைலி.

அன்ஃபிரண்ட் செய்கிறவர்கள் செய்துகொள்ளுங்கள், எனக்குக் கவலை இல்லை. அந்த ஒரு கமெண்டை மட்டும் அழித்துவிடுங்கள். என் மாமனார் முகநூலில் இருக்கிறார், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படிக்கிறவர். மாப்பிள்ளை அமெரிக்காவில் இன்ஜினியர் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்.