சிமெண்ட் சூளையில் எரியும் குப்பை: பரவும் செய்தியும் உண்மையும்

“சிமெண்ட் ஆலையில் பிளாஸ்டிக் குப்பையை எரிப்பதும் தெருமுனையில் கொளுத்துவதும் ஒன்றே, இரண்டிலும் அதே அளவு டையாக்சின் நச்சு வெளியேறும், சாம்பலும் மலைபோல் குவியும்” என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

தெருவில் எரியும் குப்பை, போதிய வெப்பமும் காற்றும் இன்றிப் புகைந்து கருகுவதால்தான் டையாக்சின் மிகுதியாக உருவாகிறது. சூளையிலோ சுண்ணாம்புக் கலவை சுமார் 1450 டிகிரி செல்சியஸில் வேக, சுடர் 2000 டிகிரியை நெருங்குகிறது. அவ்வெப்பத்தில் வாயுக்கள் சில நொடிகள் தங்குவதால் நச்சுச் சேர்மங்கள் சிதைகின்றன, அமில வாயுக்களின் பெரும்பகுதியைச் சுண்ணாம்பு ஈர்த்துக்கொள்கிறது, சாம்பலும் கிளிங்கரிலேயே (அரைத்தால் சிமெண்டாகும், சூளையில் வெந்த கட்டிகள்) கலந்துவிடுவதால் தனியே குவிவதில்லை.

ஆயினும், ஆலைகள் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பாதரசம் எளிதில் ஆவியாகிப் புகைபோக்கி வழியே தப்பக்கூடியது. குளோரின் அடங்கிய பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் மிகுந்தால் குளோரின் உப்புகள், கலவையைச் சூளைக்குள் செல்லுமுன் சூடேற்றும் முன்சூடாக்கியின் உட்சுவரில் படிந்து அடைத்துக்கொள்ளும். குப்பையைத் தரம் பிரித்து அனுப்பச் சொல்வது அதனால்தான்.

“கார்பன் இல்லா சிமெண்ட்” என்ற விளம்பரமும் மிகையே. சிமெண்ட் தயாரிப்பில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 60 சதவீதம் சுண்ணாம்புக்கல் சிதைவதால் வருவது. நிலக்கரிக்குப் பதிலாகக் குப்பையை எரிபொருளாக்கினாலும் அது குறையாது. அதைக் குறைக்கக் கிளிங்கரின் ஒரு பகுதிக்குப் பதிலாக அனல்மின் நிலையச் சாம்பலையோ இரும்பாலைக் கசடையோ சேர்க்க வேண்டும்.